கடலில் மூழ்கினவர் அன்றே மலையேறக் கூடாது



வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டச்சிக் குடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லின் பாரத்தில் இறங்கி, மூச்சை அடக்கி, ஒன்றிரண்டு நிமிடத்தில் மேலே வந்தார்கள். இன்றைக்கு மன்னார்ப் பக்கம் சங்கு, கடலட்டை எடுப்பவர்கள் சிலிண்டர் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் அடியில் நிற்கிறார்கள். ஆபத்து அங்கேதான்.

ஆழத்தில் நைதரசன் இரத்தத்தில் கரையும். சட்டென்று மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி குமிழியாகும். அது முள்ளந்தண்டு நரம்புக்குப் போகும் இரத்தத்தை மறிக்கும். கால் மரத்துப்போகும், சிறுநீர் அடைபடும். படிப்படியாக மேலே வரும் கணக்கை ஹோல்டேன் என்ற அறிஞர் 1908இலேயே வகுத்துக் கொடுத்தார்.

நம்ம லயத்துப் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போனால் நாம் சொல்ல வேண்டியது ஒன்று: மூழ்கிய அன்றே பஸ் ஏறி வீட்டுக்கு வராதே. நுவரெலியா 6,000 அடிக்கு மேல். உயரத்தில் காற்றழுத்தம் குறைய, குமிழி பெருக்கும். 24 மணி நேரமாவது கீழே தங்கட்டும்.

கால் மரத்தால் வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீங்க. மல்லாக்கப் படுக்க வைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், “கடலில் மூழ்கினவர்” என்று முதலிலேயே சொல்லுங்க. ஒக்சிசனும் அழுத்த அறைச் சிகிச்சையும் நேரத்தோடு கிடைத்தால், அந்தப் பிள்ளை மறுபடி நடக்க வழியுண்டு.