மார்கழி வாடையில் ஒருநாட் பட்டினப் பயணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நண்பர்களோடு கூடி ஒருநாள் யாழ்ப்பாணப் பட்டினம் சென்று மகிழ்ந்து மீள்வதைப் பற்றி இன்று பேச எண்ணினோம். சமயச் சங்கமொன்றின் மேடையில் இதுவும் ஒரு பொருளா என்று சிலர் நினைக்கலாம். “பெடியள் பட்டினத்துக்குப் போவது காசைக் கரைக்கத்தான்” என்பது எம் பெரியோர் பலரின் எண்ணம். “இந்தத் தீவில் என்ன இருக்கிறது?” என்பது இளைஞர் பலரின் எண்ணம். இவ்விரண்டுக்கும் நடுவிலே ஒரு நல்வழி உண்டென்பதே எமது பேச்சின் கருத்து.

முதலிலே காலத்தைச் சொல்வோம். பனி பெய்யும் தேசங்களில் வாழும் எம் உறவினர் எமது குளிரைக் கேட்டால் நகைப்பர். மார்கழி, தை மாதங்களின் அதிகாலையிலும் எமது வெப்பமானி 22 பாகை அளவில்தான் நிற்கும். ஆயினும் வடகிழக்கிலிருந்து வாடை எழுந்து கடலைத் தடவி வரும்போது, ஆச்சிமார் போர்வையைத் தேடுவதும், அப்புமார் தலையில் துவாயைக் கட்டிக்கொள்வதும் நாம் காணும் காட்சிகளே. சோளகத்திலே காய்ந்து கிடந்த வெளிகள் அக்காலத்திற் பசுமை பூணுகின்றன. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அஞ்சாமல் நாள் முழுதும் வீதியில் நடக்கக்கூடிய காலமும் அதுவே. செங்கை ஆழியான் 1973 இல் எமது தீவைக் களமாக்கி எழுதிய நாவலுக்கு ‘வாடைக்காற்று’ என்றே பெயரிட்டார். இக்காற்றுக்கும் எமக்கும் உள்ள உறவு அத்தகையது.

மார்கழியிற் சேமக்கலமும் சங்கும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடி ஊரை எழுப்புகின்றோம். அப்பாடல்களிலே ஒரு செய்தியைக் கவனித்தீர்களா? குளிர்ந்த விடியலில் நீராடச் செல்லும் பெண் தனியே செல்வதில்லை. வாசல்தோறும் நின்று, உறங்குகின்ற தோழியை அழைத்து, கேலி பேசி, இடித்துரைத்து, எல்லோரும் கூடிய பின்னரே செல்கின்றாள். மணிவாசகப் பெருமான் காட்டும் அந்தக் கூட்டுறவிலே பக்தியும் உண்டு, விளையாட்டும் உண்டு. ஆகவே நண்பர் கூடி மகிழ்தல் சமயத்துக்குப் புறம்பானதன்று. துணையை மறந்து தன் மகிழ்ச்சி ஒன்றையே தேடுவதுதான் புறம்பானது.

இனி, அந்த ஒருநாளை எவ்வாறு கழிக்கலாம்? விடியற் படகேறி, ஒரு மணி நேர அளவிற் குறிகட்டுவானை அடைந்து, அங்கிருந்து பஸ்ஸிலே புங்குடுதீவு, வேலணை கடந்து செல்கின்றோம். பண்ணைத் தாம்போதிக்கு வந்ததும் இருபுறமும் நீர்ப்பரப்பு. வாடை முகத்தில் அறைகிறது. எதிரே கோட்டை தெரிகிறது. முதலில் நல்லூர் சென்று, சட்டையைக் கழற்றி அக்குளிரிலே கந்தனை வணங்கிவிட்டுப் பட்டினத்துக்குத் திரும்புவது நன்று.

கோட்டை 1618 அளவிற் போர்த்துக்கேயர் தொடங்கியது. 1658 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிப் பின்னர் பெருப்பித்துக் கட்டினர். அதன் சுவரிலுள்ள முருகைக்கல்லைத் தொட்டுப் பாருங்கள். எமது வேலிகளிலும் எமது தீவின் கோட்டை இடிபாட்டிலும் உள்ள அதே கல்! இத்தீவுகளுக்குத் தம் ஊர்களின் பெயர்களை இட்டவர்களும் ஒல்லாந்தரே. அவற்றுள் ‘டெல்ப்ட்’ இன்றும் பெருவழக்கில் நிற்கிறது. ஒல்லாந்திலுள்ள அந்த டெல்ப்ட் நகரத்தார் மார்கழியில் ஒரு மாலை நகரச் சதுக்கத்திற் கூடி, பெருமரமொன்றில் விளக்கேற்றிக் குளிரிலே மகிழ்ந்து நிற்பர். பெயர் ஒன்று, குளிர் வேறு. கூடி மகிழும் மனித உள்ளமோ எங்கும் ஒன்றே.

கோட்டைக்கு அண்மையில் நூலகம். க. மு. செல்லப்பா அவர்கள் 1933 இற் சிறிதாகத் தொடங்கிய முயற்சி, 1959 இல் இந்த அழகிய மாளிகையாக மலர்ந்தது. 1981 இல் அது எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் அளவிற் சாம்பலாயின. மீண்டும் எழுந்து 2003 இல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு மணி நேரமாவது அமர்ந்து வாசிக்காமல் வருபவர் பட்டினத்தைக் கண்டவர் ஆகார். அருகே புல்லுக்குளமும், இந்திய உதவியில் எழுந்து 2023 இல் திறந்துவைக்கப்பட்ட கலாசார மையமும் உள்ளன. வேல்ஸ் இளவரசரின் இலங்கை வருகையை நினைவுகூர எழுந்த மணிக்கூட்டுக் கோபுரத்தையும் காணலாம்.

பிறகு பெரிய கடை! மலாயன் கபேயிலே வாழையிலையில் தோசையும் சாம்பாரும், சூடான வடையும், ஒரு பிளேன்ரீயும். குளிருக்கு இதமாக வேறென்ன வேண்டும்? பசி தீர்ந்தால் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளைப் பார்க்கக் காசு தேவையில்லை. நல்லூரில் ரியோவிலே அந்தக் குளிருக்குள்ளும் ஐஸ்கிரீம் உண்ணும் வீரர்களும் எம்மிடையே உண்டு. அவர்களைத் தடுக்க எம்மாலாகாது!

ஆனால் தம்பிமாரே, பட்டினத்து வாலிபனுக்கும் எமக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அவனுக்கு நாளை முடிப்பது மணிக்கூடு. எமக்கு முடிப்பது கடல். வாடை முறுகினால் படகு ஓடாது. வீட்டிலே தாய் கடலைப் பார்த்தபடி இருப்பாள். அந்தப் பார்வைக்குக் காரணம் உண்டு. 1985 மே 15 ஆம் நாள் குமுதினிப் படகிற் சென்ற எம்மவர், பெண்களும் குழந்தைகளுமாக முப்பதுக்கு மேற்பட்டோர், நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதை மறந்த குடும்பம் இத்தீவில் இல்லை. ஆகவே “பின்னேரப் படகுக்கு வந்துவிடுவேன்” என்று சொல்லிச் செல்லும் பிள்ளை, சொன்னபடி வருதல் ஒரு தருமம்.

இன்னொரு மீளுதலும் உண்டு. யுத்தத்தாலும் தொழில் தேடியும் எம்மவரிற் பெரும்பகுதியினர் தீவை விட்டுச் சென்றனர். இளைஞன் பட்டினத்தைக் கண்டால் அங்கேயே தங்கிவிடுவான் என்று பெரியோர் அஞ்சுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ஐயா, மறித்து வைத்த பிள்ளை ஏக்கத்தோடு இருக்கிறான். கண்டு வந்த பிள்ளையே தன் ஊரை அளந்து பார்க்கிறான். பட்டினத்து நெரிசலில் ஒருநாள் நடந்தவனுக்கே எமது வெளியின் அமைதியும், திரியும் குதிரைக்கூட்டமும், சாராப்பிட்டி நன்னீரும் செல்வமென விளங்கும்.

எனவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, செல்வோர் தனித்துச் செல்லாது கூடிச் செல்க. கையிற் காசில்லாத நண்பனையும் அழைத்துச் செல்க, அவன் பங்கை மற்றையோர் பகிர்க. இரண்டாவது, புறப்படுமுன் அயலிலுள்ள முதியோரிடம் “என்ன வேண்டும்?” என்று கேட்க, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, ஒரு பிள்ளைக்குப் பாடப்புத்தகம் படகில் வந்து சேரட்டும். மூன்றாவது பெரியோருக்கு: ஆண்டுக்கொரு முறை நீங்களும் எம்முடன் வாருங்கள். நீங்கள் கண்ட பழைய யாழ்ப்பாணத்தை அந்த வீதிகளில் நின்றே எமக்குச் சொல்லுங்கள்.

வருகிற மார்கழியில் திருவெம்பாவைக்கு எழுப்பும் அதே குரல், ஒருநாள் பயணத்துக்கும் எம்மை எழுப்பட்டும். கூடிச் செல்வோம், கூடி மகிழ்வோம், கூடியே திரும்புவோம்.