தொட்டால் பேசும் ஒரு வரைபடம்

(ஓமந்தையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சங்கத்தின் நூற்றாண்டுக்குப் பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு எல்லா ஊர்களுக்கும் எழுதியிருந்தோம். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைத்தான் சொல்லின: ஸ்மார்ட் போர்ட். வகுப்புக்கு ஒன்று முடியாவிட்டால் மாடிக்கு ஒன்றாவது என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அந்த அன்பை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. ஆனாலும் அந்தக் காசை வேறொன்றுக்குத் தரும்படி கேட்கவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

ஊடாடும் தொழில்நுட்பம் என்று இப்போது சொல்கிறார்கள். ஊடாடுதல் என்றால் இடையே போய்வருதல், கலந்து பழகுதல். நாம் ஒன்று சொன்னால் அது ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு நாம் இன்னொன்று செய்ய வேண்டும். ஸ்மார்ட் போர்ட் சுவரில் ஏறிய பிறகு அதைத் தொடுவது யார்? அநேகமாக ஆசிரியர் ஒருவர்தான். முன்பு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகளும் இப்போது வெளிச்சமான பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் அப்படியொரு பலகையின் புரொஜெக்டர் விளக்கு எரிந்துபோய்விட்டது. புது விளக்கு வாங்க வழியில்லை. பூப்போட்ட துணியால் அழகாக மூடி வைத்திருக்கிறார்கள். தூசி படாமல் இருக்கிறது.

இதை எல்லாம் சொல்லிவிட்டு, கருவிகளே வேண்டாம் என்று முடிக்கப் போவதில்லை. நம் நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பல கிராமங்கள் நீரில் மூழ்கின. இடம்பெயர்ந்த சனங்கள் வாழ்ந்த அந்தப் பிரதேசத்தில் 1989இல் கொத்மலை சமுதாய வானொலி தொடங்கியது. 1998இல் யுனெஸ்கோவின் உதவியுடன் அதற்கு இணைய இணைப்பும் கிடைத்தது. அந்த ஆண்டில் மலைக்கிராமம் ஒன்றில் இணையம் என்றால் என்னவென்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஆனால் அங்கே செய்தது மிக எளிமையானது. நேயர்கள் தபாலிலும் தொலைபேசியிலும் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் அதை இணையத்தில் தேடுவார்கள். நோயைப் பற்றிய கேள்வி என்றால் ஒரு வைத்தியரை ஒலிவாங்கிக்கு முன் இருத்தி, கிடைத்ததை ஊர்ப் பேச்சில் விளக்கச் சொல்வார்கள். வீட்டில் கணினி இல்லாதவர், ஆங்கிலம் தெரியாதவர், இணையத்தைக் கண்ணால் காணாதவர், எல்லோரும் அதைப் பயன்படுத்தினார்கள். கேள்வி அவர்களுடையது என்பதுதான் அதில் முக்கியம்.

கடல் கடந்து இருப்பவர்களுக்கு இன்னொரு கதை சொல்ல வேண்டும். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் தகவல் நிலையங்களை அமைத்தது. மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நல்லவாடு என்ற மீனவக் கிராமத்திலும் அப்படியொரு நிலையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, அந்த ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைக் கண்டு ஊருக்கு அழைப்பெடுத்தார். ஊரவர்கள் நிலையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லோரையும் கரையைவிட்டு ஓடச் சொன்னார்கள். வீடுகளும் வள்ளங்களும் போயின; ஊர்ச் சனம் தப்பியது. முல்லைத்தீவுக் கரையில் அதே காலை என்ன நடந்தது என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நல்லவாட்டைக் காப்பாற்றிய கருவிகள் ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியும்தான். ஆனால் வெளிநாட்டில் இருந்தவருக்கு யாரை அழைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஊரில் இருந்தவர்களுக்கு அந்த ஒலிபெருக்கியை இயக்கத் தெரிந்திருந்தது.

டெல்லியின் கல்காஜியில் 1999இல் சுகதா மித்ரா சுவரில் துளையிட்டுக் கணினி ஒன்றை வைத்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள் என்று உலகமெங்கும் பேசப்பட்டது. பின்னர் உத்தராகண்டில் அதே திட்டத்தைப் போய்ப் பார்த்த ஆய்வாளர் பாயல் அரோரா, கைவிடப்பட்ட கணினிக் கூடுகளைக் கண்டு எழுதினார். கணினி திறந்தவெளியில் இருந்தபோது பெரிய பையன்கள் முன்னே நின்றார்கள் என்பதையும் எழுதினார். பெண் பிள்ளைகளின் பாடசாலைக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமா?

எங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, தைனமோவில் வானொலி கேட்ட ஆட்கள் நாங்கள். செய்தி முடியும்வரை ஒருவர் மாறி ஒருவர் சுற்ற வேண்டும். கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரும் ஓய்ந்துவிடுவார். அதைவிட ஊடாடும் தொழில்நுட்பத்தை எந்தக் கம்பனி விற்கிறது என்று தெரியவில்லை. ஜாம் போத்தலில் கொஞ்ச எண்ணெயும் திரியும் இட்டுச் செய்த சிக்கன விளக்கில் படித்துத்தான் இங்கிருக்கும் வைத்தியர்கள் சிலர் உயர்தரம் சித்தியடைந்தார்கள். கையில் இருப்பதைக் கொண்டு செய்து பார்க்கும் அந்தப் பழக்கம், எல்லாம் கடையில் வாங்கக் கிடைக்கும் இந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகளிடம் குறைந்துவருகிறது. அது போய்விடக்கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

இனி எங்கள் கோரிக்கைக்கு வருகிறோம். பிள்ளைகள் ஓமந்தையின் வரைபடம் ஒன்றைக் கையால் வரைய வேண்டும். பெரிய மட்டையில், குளங்கள், வயல்கள், கோயில், புகையிரத நிலையம், ஏ9 வீதி எல்லாம் இருக்கும். ஓர் இடத்தைத் தொட்டால் அந்த இடத்தைப் பற்றி ஒரு மனிதக் குரல் பேச வேண்டும்.

இது மந்திரம் அல்ல. மேக்கி மேக்கி என்று ஒரு சிறிய மின்பலகை 2012 முதல் கிடைக்கிறது. அதைக் கணினியில் இணைத்து, அதிலிருந்து போகும் கம்பிகளை வரைபடத்தின் புள்ளிகளில் பொருத்த வேண்டும். மின் கடத்தும் எதுவும் புள்ளியாகலாம்: ஓர் ஆணி, சொக்கலேற் சுற்றிய தாள், ஈரமான களிமண், பென்சிலால் அழுத்தித் தீட்டிய கறுப்புக் கோடு. பிள்ளை ஒரு கையில் புவிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குளத்தைத் தொட்டால், மிகமிகச் சிறிய மின்னோட்டம் அவளுடைய உடலினூடாகப் போய்ச் சுற்று பூர்த்தியாகும். கணினி அதை விசைப்பலகையில் ஒரு எழுத்தை அழுத்தியதாக எண்ணிக்கொள்ளும். அந்த எழுத்துக்கு எந்தக் குரல் என்பதை ஸ்கிராட்ச் என்ற இலவச மென்பொருளில் பிள்ளைகளே அமைப்பார்கள்; விளையாட்டுக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவது போலத்தான் அதில் கட்டளைகளைப் பொருத்துவது. ஐந்து பிள்ளைகள் கைகோத்து நின்றாலும் வேலை செய்யும்: முதலாமவள் கம்பியைப் பிடிக்க, கடைசிப் பிள்ளை தொட்டால் போதும். நடுவில் ஒருத்தி கையை விட்டால் குரல் வராது. விஞ்ஞானப் பாடத்தில் மின்சுற்றைப் படமாகப் பார்த்ததைவிட இது அவர்களுக்கு நன்றாக மனதில் நிற்கும்.

ஆனால் எங்களுக்குக் கடினமாக இருப்பது கம்பிகள் அல்ல, குரல்கள். ஓமந்தை என்ற பெயரைக் கேட்டதும் இந்த நாட்டில் பலருக்கு நினைவு வருவது குளமும் வயலும் அல்ல. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தையில் அரசின் சோதனைச்சாவடி, புளியங்குளத்தில் மற்றப் பக்கத்தின் சாவடி. இடையில் யாருக்கும் சொந்தமில்லாத வெளி. பொதியை அவிழ்த்து, அடுக்கி, மீண்டும் கட்டிய அந்த வரிசையில் நம்மில் எத்தனை பேர் நின்றோம்! 2006 ஓகஸ்ட்டில் வீதி மூடப்பட்டது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் பெருந்தொகையான சனம் இவ்வழியாகவே செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2011இல் புகையிரதம் ஓமந்தைவரை திரும்பி வந்தது. 2013இல் கிளிநொச்சி போகும்வரை இதுதான் கடைசித் தரிப்பு. 2015இல் சாவடி அகற்றப்பட்டது. இன்று எட்டாம் தரத்தில் படிக்கும் பிள்ளை அந்த இடத்தை பஸ்ஸில் கடக்கும்போது நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

வரைபடத்தில் அந்தப் புள்ளியை வைப்பதா என்று கேட்ட பெற்றோர் உண்டு. சிலர் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய காரணங்கள் நியாயமானவை. உறவைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் 2017 முதல் வவுனியாவில் வீதியோரத்தில் அமர்ந்த மாவட்டம் இது. அவர்களிடம் போய் ஒரு சிறுமி ஒலிப்பதிவுக் கருவியை நீட்டலாமா? இதற்கு முன் இப்படிப்பட்ட வேலையைப் பொறுமையாகச் செய்தவர்களிடமிருந்து கற்க இருக்கிறது. ராதிகா ஹெட்டியாராச்சியின் முயற்சியில் 2012, 2013 காலப்பகுதியில் வடக்கிலும் தெற்கிலும் தாய்மாரின் கதைகளைச் சேகரித்தபோது, அவர்களைக் கேள்வியால் துளைக்கவில்லை. கையால் கடிதம் எழுதலாம், படம் வரையலாம், நினைவில் உள்ள ஊரை வரைபடமாக்கலாம் என்று பல வழிகளைத் திறந்து வைத்தார்கள்.

ஆகவே நாங்கள் சில ஒழுங்குகளை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இழப்பைப் பற்றிப் பிள்ளைகள் தாமாகக் கேட்கமாட்டார்கள். பதிவு செய்த குரலைப் பேசியவருக்குப் போட்டுக் காட்டி, சம்மதம் வாங்கிய பின்பே வரைபடத்தில் சேர்ப்போம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஒருநாள் மனம் மாறி அழிக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அழிப்போம். பிள்ளைகளின் முகமோ குரல்களோ இணையத்தில் ஏறாது; எல்லாம் பாடசாலைக் கணினியில் இருக்கும், வரைபடம் ஊர் ஊராகப் போகும். சாவடியின் புள்ளியை வரைவோம். அங்கே பேச யாரும் விரும்பாவிட்டால், தொட்டால் அது பேசாமல் இருக்கட்டும்.

காசைப் பற்றிச் சொல்லாமல் போனால் பொருளாளர் எங்களைச் சும்மா விடமாட்டார். கணினி அறையில் இருக்கும் கணினிகள் போதும். மின்பலகைகள் ஐந்தாறு வேண்டும். உண்மையான செலவு மனிதருக்குத்தான்: வாரத்தில் இரண்டு பின்னேரங்கள் பிள்ளைகளுடன் இருக்கும் ஓர் இளம் ஆசிரியைக்கு மூன்று ஆண்டுகளுக்குக் கொடுப்பனவு, வீடு வீடாகப் போகப் பஸ் காசு, இருட்டினால் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட ஓட்டோ, ஒரு தேத்தண்ணியும் பணிஸும். திறப்பு விழாவில் படம் எடுக்க இதில் ஒன்றும் இருக்காது. சுவரில் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கவும் இடமில்லை. இந்த மலரின் பிரதியை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கும்போது எல்லோர் பெயரும் அதில் இருக்கும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தில் இருக்கும் உங்களிடம் காசைவிடக் கேட்க ஒன்று இருக்கிறது. நீங்களும் இந்த வரைபடத்தின் ஆட்கள். இங்கிருந்து பஸ் ஏறிப் போனவர்கள், புகையிரதம் இல்லாத காலத்தில் மாட்டுவண்டியிலும் உழவு இயந்திரத்திலும் பரீட்சைக்கு வந்தவர்கள், இங்கே பொதி அவிழ்த்தவர்கள். பிள்ளைகள் கேள்வி எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள்: அந்த வரிசையில் நின்றபோது உங்கள் பையில் என்ன இருந்தது? இன்னொருத்திக்குத் தெரிய வேண்டியது, குளத்தில் குளிக்கப் போக உங்கள் அம்மா விட்டாவா என்பது. மாதத்துக்கு ஒரு தடவை இப்படி நாலைந்து கேள்விகள் வட்ஸ்அப்பில் உங்களுக்கு வரும். எழுதி அனுப்ப வேண்டாம், பேசி அனுப்புங்கள். இரண்டு நிமிடம் போதும். வேலைக்குப் போகும் வழியில் காருக்குள் இருந்து பேசினாலும் பரவாயில்லை. தமிழ் தடுமாறும் பேரப்பிள்ளை இடையில் புகுந்து ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் அதை வெட்ட வேண்டாம். மொழிபெயர்க்கும் வேலையைப் பத்தாம் தரம் கேட்டு வாங்கியிருக்கிறது.