வேறு மழையைத் தேடி

சென்னையில் இருப்பவர்களிடம், உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டால், செங்குன்றம் ஏரி என்பார்கள் பலர். அது பாதி பதில்தான். அதில் கிருஷ்ணாவும் இருக்கலாம், கடலும் இருக்கலாம், மேட்டூரிலிருந்து இறங்கி வந்த காவிரியும் இருக்கலாம்.

ஆரம்பத்தில் எல்லாம் பக்கத்திலேயே இருந்தது. 1872இல் கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு கட்டி, தண்ணீரைச் சோழவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் திருப்பினார்கள். அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்தது. மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி முனைந்து நின்ற பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பிறகு செம்பரம்பாக்கமும் சேர்ந்தது.

இந்த ஏரிகளுக்கெல்லாம் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. எல்லாமே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் ஒன்று மட்டும் வற்றாது, எல்லாம் சேர்ந்தே வற்றும். ஏரிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஊருக்குத் தண்ணீர் கூடிவிடும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கிருஷ்ணா நீர் வேறு மழையின் நீர். ஆந்திரத்துடன் செய்த 1983 ஒப்பந்தப்படி 15 டி.எம்.சி.யில் வழியில் வீணாவது போக, 12 டி.எம்.சி. எல்லைக்கு வந்து சேர வேண்டும். முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது 1996இல். ஒப்பந்தத்தில் இருக்கும் அளவு வேறு, வாய்க்காலில் வரும் அளவு வேறு என்பது சென்னைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வீராணத்தின் கதை இதைவிட நீளம். கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம், சோழர்கள் பத்தாம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி அது. அங்கிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவர முன்பே ஒரு முயற்சி நடந்து பாதியில் நின்றது. அதற்காக வார்த்த பெரிய பெரிய கான்கிரீட் குழாய்கள் சாலையோரம் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. வீடில்லாத குடும்பங்கள் அவற்றுக்குள் குடியிருந்தன. தண்ணீர் வராத குழாயில் ஆட்கள் வாழ்ந்ததை அந்தக் காலத்தவர்கள் இன்னும் சொல்வார்கள்.

புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது 2004இல். சேத்தியாத்தோப்பில் நீரை இறைத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, காடாம்புலியூர் மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். அதன் பிறகு மோட்டார் இல்லாமலே, நிலச் சரிவிலேயே போரூர் வரை ஓடிவருகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் காடாம்புலியூர் மேடுதான். நல்ல பொறியாளர்கள் மின்சாரத்தைக் கேட்பதற்கு முன்னால் மேடு பள்ளத்தைப் பார்க்கிறார்கள்.

வீராணத்தில் விழும் மழை கொஞ்சம்தான். கீழணையிலிருந்து வடவாறு வழியே வரும் காவிரிதான் அதன் உயிர். ஆகவே மேட்டூர் திறந்தால் உண்டு, திறக்காவிட்டால் சிரமம். அந்த ஏரியை நம்பி நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் இருக்கிறது. காவிரியின் கடைமடையில் நாற்று விட்டுக் காத்திருக்கும் விவசாயி, சென்னைக்குப் போகும் குழாயைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறு காண முடியாது. சென்னை குடிப்பதற்குத்தான் எடுக்கிறது, உண்மை. ஆனால் அந்த ஊர்க்காரரைக் கேட்காமல் அந்த நியாயத்தை முடிவு செய்ய முடியாது.

இத்தனைக்கும் பிறகு அந்தக் குழாயின் அருமை 2019இல்தான் தெரிந்தது. 2018இல் தென்மேற்குப் பருவமழை கொட்டி மேட்டூர் நிரம்பியது. அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழை சென்னையைக் கைவிட்டது. மறு ஆண்டு ஜூனில் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தபோது, ஊர் குடித்ததில் பெரும்பங்கு வீராணமும் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளும் கொடுத்ததுதான். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்ததும் காவிரி நீரே. ஊர் பெருகும்போது புதிய நீராதாரம் எவ்வளவு பெரியது என்பதைவிட, பழையது வற்றும் அதே நாளில் அதுவும் வற்றுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கடல் எந்த மழையையும் நம்பியதில்லை. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கான இரண்டாவது ஆலையும் வந்துவிட்டது. ஆனால் மின்சாரச் செலவு அதிகம். கடலில் திரும்ப விடப்படும் உப்புநீரைப் பற்றி மீனவர் குப்பங்களுக்குக் கவலையும் உண்டு.

இன்னொரு ஆதாரத்தைப் பற்றி நாம் கூச்சத்தோடுதான் பேசுகிறோம்: ஊரின் கழிவுநீர். மக்கள் பெருகப் பெருகத் தானாகவே பெருகும் ஒரே ஆதாரம் அதுதான். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் அதை மறுபடி மறுபடி சுத்திகரித்து, இரண்டிலும் சேர்த்து நாளுக்கு 9 கோடி லிட்டர் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் இருக்கின்றன. தொழிற்சாலை அதை எடுத்துக்கொண்டால் அந்த அளவு குடிநீர் வீடுகளுக்கு மிஞ்சும். வீராணம் குழாய் சுமப்பதில் அது சரிபாதி. கடலூர் மாவட்டத்தில் யாருடைய மதகையும் அதற்காகப் பார்க்க வேண்டியதில்லை.