தத்துக் குழந்தைக்கும் சாதி கேட்கிற ஊரில்

(இரும்பை காலனியில் நடந்த மாலைநேர வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை ஆராய்ச்சி மாணவர் என்று சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். இன்றைக்கு நான் ஆய்வேட்டிலிருந்து எதையும் வாசிக்கப் போவதில்லை. என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். அக்காவிடமும் மாமாவிடமும் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். பெயர் வேண்டாம். சொல்லாமலேயே உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். குழந்தை இல்லை. மாமா ஆரோவில் பக்கம் கொத்தனார் வேலை செய்கிறார். அக்கா தையல் வேலைக்குப் போகிறார். புதுச்சேரியில் பார்க்காத வைத்தியம் இல்லை. கம்மல் அடகுக்குப் போனது, திரும்பவில்லை. ஒருநாள் அக்காவே சொன்னார்: "போதும். இருக்கிற குழந்தை ஒண்ண வளர்ப்போம்."

அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் ஆயா கேட்டது: "அது என்ன சாதிப் புள்ளயோ?"

ஊர்த்தெருவில் யாராவது கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கேட்டது நம் ஆயா. வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியால் அடிபட்டவர். கோபப்படத் தெரியாமல் விழித்தேன். பிறகு மெதுவாகப் பேச்சுக் கொடுத்தபோதுதான் அதற்குள் இருந்த பயம் புரிந்தது. "நம்ம தெருவுல வளர்ந்த புள்ளய நாளைக்கு எவனாவது வந்து எங்க சாதி ரத்தம்னு தூக்கிட்டுப் போனா, நாம என்னடா பண்ண முடியும்?" இதுதான் ஆயாவின் பயம். மேல்சாதிக்காரன் கேட்கும்போது அந்தக் கேள்வியில் இருப்பது தீட்டு. ஆயா கேட்கும்போது இருந்தது பறிகொடுத்த அனுபவம். கேள்வி ஒன்றுதான், கேட்கிற இடம் வேறு.

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பழைய இந்துச் சட்டத்தில் தத்துப்பிள்ளை தத்தெடுப்பவரின் சாதியிலேயே பிறந்திருக்க வேண்டும். தத்து என்பதே ஆண் பிள்ளைக்குத்தான்; கொள்ளி வைக்கவும் சொத்தைக் கைமாறாமல் காக்கவும். குழந்தைக்கு ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணத்துக்கு அதில் இடமே இல்லை. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா, திருமணத்திலும் தத்திலும் இந்தச் சாதி நிபந்தனையை நீக்க முனைந்தது. மசோதா முடக்கப்பட்டது, 1951இல் அவர் பதவி விலகினார். பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டி நிறைவேற்றினார்கள். அதில் ஒரு துண்டுதான் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். அது சட்டமானது 1956 டிசம்பர் 21 அன்று. அண்ணல் மறைந்து பதினைந்தே நாள் ஆகியிருந்தது.

அந்தச் சட்டத்தில் சாதி நிபந்தனை போய்விட்டது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றானது. ஆனால் ஒரு சந்து திறந்தே இருந்தது. பெற்றவர்கள் கொடுக்க, மற்றவர்கள் வாங்க, ஒரு பத்திரம் பதிவு செய்தால் முடிந்தது. யாரிடம் வாங்குவது? சொந்தத்தில், பங்காளியில், சாதிக்குள். சட்டம் சாதியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே வராமல் குடும்பங்கள் பார்த்துக்கொண்டன.

இன்னொன்று. அந்தச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும்தான். நம் மாவட்டத்தில் எத்தனை தலித் கிறித்தவக் குடும்பங்கள் இருக்கின்றன! அவர்களுக்கும் இசுலாமியருக்கும் இருந்தது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் மட்டுமே. குழந்தையை வளர்க்கலாம், சட்டப்படி அது உங்கள் பிள்ளை ஆகாது. இளைஞர் நீதிச் சட்டம் 2000இல் வந்து, 2006இல் திருத்தப்பட்ட பிறகுதான் எல்லா மதத்தாருக்கும் பொதுவான வழி தெளிவானது. 2014 பிப்ரவரியில் சப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இப்போது நடப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டமும் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும்.

அக்கா போனது இந்த வழியில்தான். காரா என்கிற மத்திய அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தம்பதியின் வயதைக் கூட்டினால் 85க்குள் இருந்தால்தான் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. அக்காவுக்கு 38, மாமாவுக்கு 43. கூட்டினால் 81. பதிவு செய்த அன்று இருக்கிற வயதுதான் கணக்கு என்பதால் தப்பித்தோம். குழந்தை ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த மாநிலம் என்று விருப்பம் சொல்லலாம். என்ன சாதி என்று விருப்பம் சொல்ல முடியாது. நான் தேடித் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு கட்டமே இல்லை. பள்ளிக்கூடம் தொடங்கி சுடுகாடு வரைக்கும் சாதி கேட்கிற நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை, தோழர்களே.

அடுத்தது வீட்டாய்வு. ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். கணவன் மனைவியைச் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசுவார். வருமானம், உடல்நலம், குழந்தை இல்லாத வருத்தத்திலிருந்து மீண்டிருக்கிறார்களா, வீட்டில் மற்றவர்களுக்குச் சம்மதமா, குழந்தையிடம் உண்மையை எப்போது சொல்வார்கள் என்று பலவும் கேட்பார். ஆவணங்கள் கொடுத்து 60 நாளுக்குள் அறிக்கை முடிய வேண்டும். அது மூன்று ஆண்டு செல்லும்.

தேதி முடிவானதும் நான் ஒரு யோசனை சொன்னேன். இன்றைக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திண்டிவனத்தில் என் நண்பன் வீடு இருக்கிறது. மாடி வீடு, டைல்ஸ் தரை, நகர முகவரி. "வாடகைக்கு இருக்கிற மாதிரிக் காட்டிக்கலாம்கா. காலனி முகவரின்னா அவங்க எப்படிப் பார்ப்பாங்களோ" என்றேன்.

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேற வீட்டக் காட்டி வாங்குற புள்ளய எந்த வீட்டுக்குடா கூட்டிட்டு வர்றது?" என்றார்.

ஆறு வருடமாகச் சாதியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். சாதி என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு முகவரியை மாற்றச் சொன்னதை ஏழாவது வரை படித்த அக்காதான் காட்டிக் கொடுத்தார்.

பணியாளர் வந்தார். இளம் பெண். ஓட்டு வீட்டைப் பார்த்தார், முகம் சுளிக்கவில்லை. சொந்த வீடு வேண்டும், இத்தனை அறை வேண்டும் என்று விதியில் இல்லை என்று அவரே சொன்னார். சுவரில் இருந்த அண்ணல் படத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. டீ கொடுத்தோம், குடித்தார். டீயைக் குடித்தார் என்பதைக் கவனித்து வைத்திருக்கிறோம் பாருங்கள், நம் நிலைமை அப்படி.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. குடும்பத்தை அறிந்த இருவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். ஒன்றை மாமாவின் பழைய வாத்தியார் உடனே எழுதிக் கொடுத்தார். இன்னொன்றுக்கு மாமா ஊர்த்தெருவில் ஒருவரிடம் போனார். அவர் வீட்டை அஸ்திவாரம் தொடங்கி மொட்டை மாடி வரைக்கும் கட்டியவர் மாமாதான். இருபது வருடப் பழக்கம். அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். "உன்னப் பத்தி எழுத எனக்கென்னப்பா, நல்ல மனுசன். ஆனா எந்தச் சாதிக் கொழந்த உங்க வீட்டுக்கு வரும்னு தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? நாளைக்கு எங்காளுங்க கொழந்தையா இருந்துட்டா?"

எங்கேயோ பிறந்து, யாரோ விட்டுப்போய், இன்னும் வராத ஒரு குழந்தை. அது தன் சாதியாக இருந்துவிடுமோ, அது காலனியில் வளர்ந்துவிடுமோ என்று ஒரு மனிதருக்குப் பயம். அந்தக் குழந்தைக்கு வீடே கிடைக்காமல் போவதில் அவருக்குப் பயம் இல்லை. நம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நம்மை விடுவதைவிடக் கோயில் பூட்டிக் கிடப்பது மேல் என்று நின்றவர்களை 2023இல் பார்த்தோம். அதே மனசுதான் இது.

கடைசியில் கடிதம் கொடுத்தவர் மாமாவுடன் வேலை செய்யும் பெரியாள் ஒருவரின் மகள். செவிலியர். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார்.

சட்ட வழி இவ்வளவு சுற்று என்றால் ஏன் நேராகக் குழந்தை வாங்கக் கூடாது என்றும் சிலர் சொன்னார்கள். தோழர்களே, 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை ஒலிப்பதிவு வெளியானது நினைவிருக்கும். பெண் குழந்தைக்கு ஒரு விலை, ஆணுக்கு அதைவிட அதிகம், சிவப்பாக இருந்தால் இன்னும் அதிகம். சந்தையில் விட்டால் குழந்தைக்கு விலை வைப்பது சாதியின் கண்தான். அதனால்தான் வீட்டாய்வு வேண்டும் என்கிறேன். நம் வீட்டுக்குள் அரசாங்கம் எட்டிப் பார்ப்பது சங்கடம்தான். ஆனாலும் அது குழந்தைக்கான காவல். 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் வெளிநாட்டுத் தத்துக்கு உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்ததும் குழந்தைகள் கடத்தப்படக் கூடாது என்பதற்காகத்தான்.

என் குறை வேறு. அந்த ஆய்வு எல்லாவற்றையும் கேட்கிறது, ஒன்றைத் தவிர. "குழந்தை கறுப்பாக இருந்தால் உங்கள் உறவினர்கள் என்ன சொல்வார்கள்? பெற்றவர்கள் தலித்துகள் என்று பின்னால் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் தெருவில் சாதி பார்க்கப்படுகிறதா?" இதை ஆதிக்கசாதி வீடுகளில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அக்கா வீட்டின் ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்கலாம், தப்பில்லை. மாடி வீட்டில் சாதி ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சாதிச் சான்றிதழைப் பற்றியும் கேட்டீர்கள். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, ஆதரவற்று, அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் வளரும் குழந்தைகளைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தலித் குடும்பம் தத்தெடுத்த குழந்தைக்கு என்ன? நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. முன்னேறிய வகுப்பில் பிறந்து வளர்ந்தவர் திருமணத்தாலோ தத்தாலோ இடஒதுக்கீடு கோர முடியாது என்று 1996இல் வல்சம்மா பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கவலை நியாயமானது; நம் உரிமையைத் திருடப் பலரும் காத்திருக்கிறார்கள். ஆனால் அதே நீதிமன்றம் 2012இல் ரமேஷ்பாய் நாய்க்கா வழக்கில், சாதி மறுப்புத் திருமணத்தில் பிறந்த குழந்தையைப் பற்றிப் பேசும்போது, எந்தச் சூழலில் வளர்ந்தது, என்ன இழிவைப் பட்டது என்பதைப் பார்க்கச் சொன்னது. அந்த அளவுகோலைத் தத்துக் குழந்தைக்கும் வைக்க வேண்டும். கைக்குழந்தையாக இந்தக் காலனிக்கு வந்து, இந்தக் குழாயில் தண்ணீர் பிடித்து, இந்த முகவரியோடு வேலை தேடப் போகிற பிள்ளை, இந்த முகவரிக்கான அவமானத்தை முழுதாக அனுபவிக்கும். ரத்தம் வேறாக இருக்கலாம் என்று சொல்லி யாரும் அதற்குத் தள்ளுபடி தர மாட்டார்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அந்தக் கட்டத்திலேயே இதற்கும் தெளிவான வழி சொல்லலாம்.

இப்போது அக்கா வீட்டு நிலைமை. அறிக்கை நல்லபடியாக முடிந்துவிட்டது. காத்திருக்கிறார்கள். நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 4,000 தத்துகள்தான் நடக்கின்றன. காத்திருப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு. மூன்று ஆண்டுக்கு மேலும் ஆகலாம். குழந்தை வந்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011இல் விழுப்புரத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பெண் குழந்தைகள் குறைந்துகொண்டே போனதுதான் காரணம். ஒருபக்கம் தொட்டிலில் விடப்படுகிற பிள்ளை. மறுபக்கம் பிள்ளைக்காகக் காத்திருக்கிற வீடு. இரண்டுக்கும் நடுவில் ஆணாதிக்கமும் சாதியும் நிற்கின்றன. திருச்சியில் பெரியார் இயக்கத்தின் நாகம்மையார் இல்லத்தில் வளர்ந்த ஆதரவற்ற பிள்ளைகளுக்கு, பெரியார், மணியம்மையார் பெயரையே முன்னெழுத்தாகப் போட்டார்கள். தகப்பன் பெயர் என்ன, குலம் என்ன என்று கேட்கிற சமூகத்துக்கு அது ஒரு பதில்.

நம்மால் முடிந்த மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். இந்தப் பதிவு, ஆவணம், கட்டணம் எல்லாம் இணையத்தில் ஆங்கிலமாகக் கிடக்கின்றன. படித்த பிள்ளைகள் நீங்கள் உட்கார்ந்து நம் தெருக்காரர்களுக்குச் செய்து கொடுங்கள். யாராவது பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தால், மாமாவை அலையவிட்டதுபோல் விடாதீர்கள். நம் வீடுகளிலேயே "என்ன சாதிப் புள்ள" என்று யாராவது கேட்டால், திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கேள்விக்கு அடியில் என்ன பயம் இருக்கிறது என்று கேளுங்கள்.

போன வாரம் ஊருக்கு வந்தபோது ஆயா தன் பழைய நூல்புடவையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "தூளி கட்டத்தான்" என்றது. "எப்ப வரும்னு தெரியாதே ஆயா" என்றேன். "வரும்போது வரட்டும். புடவ மெத்துனு ஆவணும்ல" என்றது. சாதியைப் பற்றி அதற்குப் பிறகு ஆயா கேட்கவில்லை.