கலைஞரின் காத்திருப்புக் காலம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், நாடகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

ஆண்டுதோறும் இம்மேடையில் எங்கள் குழுவினர் வேடம் பூண்டு தோன்றுவதே வழக்கம். இவ்வாண்டு வேடமின்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். பிறர் எழுதிய வசனத்தைப் பேசியே பழகிய எங்களுக்குச் சொந்தமாகப் பேசுவது சற்றுக் கடினந்தான். எனினும், நெடுநாளாக எங்கள் உள்ளத்தை உறுத்திவரும் கேள்வியொன்றினை இந்த அவையின் முன் வைக்கக் கிடைத்த நல்வாய்ப்பாகவே இதனைக் கருதுகின்றோம்.

நடிப்பிலோ இசையிலோ நாட்டமுடைய பிள்ளை ஒன்று வீட்டில் இருக்குமானால், "இதற்கு முன்னுக்கு வரும் திறமை உண்டா?" என்றே பெற்றோர் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அத்திறமை பழுக்கும் வரையில் அப்பிள்ளைக்குச் சோறிடப் போகின்றவர் யார்? புகழ்பெற்ற கலைஞர் ஒவ்வொருவர் வாழ்விலும் பெயரறியாக் காலம் ஒன்று இருந்திருக்கின்றது. அக்காலத்தில் யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு நிலையம், அவரைத் தாங்கியிருக்கின்றது. அத்தாங்குதல் இல்லாமையால் வாடிய திறமைகளுக்குக் கணக்கே இல்லை. இதனையே சில வரலாறுகளைக் கொண்டு விளக்க விரும்புகின்றோம்.

முதலில் பழைய நாடக சபைகளை எண்ணிப் பார்ப்போம். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என நாடறிந்த சிறுவர்கள் அங்கேதான் பாட்டும் பாடமும் பயின்றார்கள். 1925-இல் தங்களுக்கென ஒரு சபை கண்டார்கள். 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் வழங்கிய அச்சபைகள் பள்ளியாகவும் விடுதியாகவும் தொழிற்கூடமாகவும் ஒருங்கே விளங்கின. வறிய வீட்டுச் சிறுவனுக்கு அங்கே இருவேளைச் சோறு உறுதி. தலைசாய்க்க இடம் உறுதி. கற்றுத்தர வாத்தியார் உறுதி.

எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் 1917-இல் இலங்கையில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, வறுமை துரத்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். 'சதி லீலாவதி' என்னும் படத்தில் சிறு வேடம் கிடைத்தது 1936-இல். 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாகத் தோன்றியதோ 1947-இல். இடையே பதினோராண்டுகள்! சிவாஜி கணேசன் அவர்கள் 1952-இல் 'பராசக்தி'யில் தோன்றியபோது, புதியவன் ஒருவன் திடீரென வந்து குதித்தான் என்றே படம் பார்த்தோர் வியந்தனர். அவர் சிறுவனாக இருந்தபோதே மேடையேறியவர் என்பதும், பெண் வேடங்கள் பலவும் தாங்கியவர் என்பதும் அவ்வியப்பில் மறைந்து போயின.

சபை வாழ்வு இனியது என்று நாங்கள் கூறவில்லை. தாய் மடியைப் பிரிந்த சிறுவர்கள் அங்கே அடிபட்டும் அழுதும் வளர்ந்தார்கள். பள்ளிக்கல்வி இல்லை. குரல் உடையும் பருவம் வந்துவிட்டால், நேற்று வரையில் கைதட்டல் பெற்ற சிறுவன் இன்று மூலையில் நிற்க வேண்டியதுதான். பெண் குழந்தைகளுக்கோ அச்சபைகளின் கதவு அடைத்தே இருந்தது. அம்முறை மீண்டும் வர வேண்டியதில்லை. அது செய்த நன்மை மட்டும் வேறு வகையில் வந்தாக வேண்டும்.

பெண் கலைஞர் ஏறிய படிகள் இன்னும் கரடுமுரடானவை. கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், ஓடும் இரயிலில் பாடிப் பிழைத்த ஏழைச் சிறுமி. நாடக மேடை அவரை ஏற்றது. கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் மேடையை விட்டே விலகியிருந்தவர், 1935-இல் 'நந்தனார்' படத்தில் நடிக்க ஓர் இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். 1958-இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினரும் ஆனார். நாடக மேடையிலிருந்து வந்த மற்றொருவர் டி. பி. இராஜலட்சுமி. தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்தது. அதன் நாயகி அவரே. அப்படம் எடுக்கப்பட்ட ஊர் எது தெரியுமா? நாம் குடியிருக்கும் இதே மும்பை மாநகரந்தான்! சென்னையில் பேசும்பட நிலையம் 1934-இல் எழும் வரையில் தமிழ்க் கலைஞர்கள் மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறி வந்தார்கள். அன்று அவர்கள் நம் ஊரை நாடி வந்தார்கள்; இன்று நம் பிள்ளைகள் அவ்வூரை நாடிப் போகின்றார்கள். இரு திசைக்கும் இரயில் ஒன்றே. கையிலுள்ள பெட்டியின் கனமும் ஒன்றே.

இரண்டாவதாக, அலுவலகம் தாங்கிய கலைஞர்களைக் காண்போம். நாகேஷ் அவர்கள் இரயில்வேயில் எழுத்தர். கே. பாலசந்தர் அவர்கள் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றியவர். பகலெல்லாம் கோப்பு, மாலையானால் ஒத்திகை. பாலசந்தர் மேடைக்கென எழுதிய 'சர்வர் சுந்தரம்' 1964-இல் நாகேஷ் நடிக்கத் திரைப்படமாயிற்று. மறு ஆண்டில் 'நீர்க்குமிழி' வாயிலாகப் பாலசந்தர் இயக்குநரானார். அவர் பின்னர்த் தொலைக்காட்சிக்கும் சென்று, 'இரயில் சிநேகம்', 'கையளவு மனசு' முதலிய தொடர்களைத் தந்ததனை நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், மாலை வந்தால் ஓய்வு என்னும் இவ்விரண்டுமே அவர்களுக்குப் பால சபை ஆயின. வேலையை முன்னதாகவே உதறியிருந்தால் பசி வென்றிருக்கும்; கடைசி வரையில் உதறாதிருந்தால் நாற்காலி வென்றிருக்கும். விடும் வேளை அறிந்து விட்டார்கள்.

மூன்றாவதாக, இல்லம் தாங்கிய கலைஞர்கள். இதற்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. வேலூரில் 1945-இல் பிறந்த வாணி ஜெயராம், எட்டு வயதிலேயே சென்னை வானொலியில் பாடியவர். ஸ்டேட் வங்கியில் வேலைபார்த்த அவர் திருமணத்திற்குப்பின் நம் மும்பைக்குக் குடிவந்தார். கருநாடக இசை கற்றிருந்த அவரை இந்துஸ்தானி இசையும் பயிலுமாறு தூண்டியவர் கணவர் ஜெயராம். உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் பயின்றார். நிலையான வங்கி வேலையையும் விட்டார். 1971-இல் வசந்த் தேசாய் இசையில் 'குட்டி' என்னும் இந்திப்படம் வந்தது. நாடு முழுவதும் அக்குரலுக்குச் செவிசாய்த்தது. அதன் பின்னரே தமிழ்த்திரை அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது. 'அபூர்வ ராகங்கள்' படத்திற்காகத் தேசிய விருது கிடைத்தது. 2023 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. வங்கி வேலையை விட்ட அந்த நாளில், "பைத்தியமா உனக்கு?" என்று இல்லத்தார் கேட்டிருப்பின், அக்குரல் கணக்குப் புத்தகத்திற்குள்ளேயே அடங்கியிருக்கும்.

இம்மாநகரில் வளர்ந்த ஹரிஹரன் அவர்களுக்குத் தாயார் அலமேலு மணியே முதல் ஆசிரியர். 1977-இல் இசைப் போட்டியொன்றில் பரிசு; அதன் பயனாக 1978-இல் ஜெய்தேவ் இசையமைத்த 'கமன்' படத்தில் ஒரு பாடல். தமிழகம் அவரை அறிந்ததோ 1992-இல், 'ரோஜா' படத்தின் வாயிலாக. பரிசு பெற்றதற்கும் அதற்கும் இடையே பதினைந்தாண்டுகள்! பரிசு வாயிலைத்தான் திறந்தது. பாதையை அவரே நடந்து கடந்தார்.

"அதெல்லாம் பழங்கதை, இன்று தொலைக்காட்சி இருக்கின்றது, கைப்பேசியே மேடையாகிவிட்டது" என இளைஞர் கூறலாம். வாயில் அகன்றிருப்பது உண்மையே. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கிற்று. 1993 முதல் தனியார் ஒளிபரப்பும் பெருகிற்று. சிரிப்புப் போட்டியில் வென்று, தொலைக்காட்சியில் தொகுப்பாளராகப் பேசி, 2012-இல் 'மெரினா'வின் நாயகனானார் சிவகார்த்திகேயன். ஆயினும் காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை. 1990-இல் திரைக்கு வந்த விக்ரம், மற்ற நடிகர்களுக்குக் குரல் கொடுத்துக் காலம் தள்ளினார். 1999-இல் வந்த 'சேது'வே அவரை நிலைநிறுத்திற்று. விஜய் சேதுபதி துபாயில் கணக்கராயிருந்தார். திரும்பி வந்து கூத்துப்பட்டறையிலும் கணக்கெழுதினார். சிறு வேடங்கள் பல ஏற்றபின் 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' அவரை நாயகனாக்கிற்று. நேற்றைய சிறுவனுக்குக் கிடைத்த சபைச் சோறும் இன்றைய இளைஞனுக்கு இல்லை. போட்டி நிகழ்ச்சி ஒரு பருவத்தில் ஒரு முகத்தை ஊரெல்லாம் காட்டும். அடுத்த பருவத்தில் வேறொரு முகம் வந்துவிடும். அந்த முதல் முகம் அதன்பின் எங்கே உண்டது, எங்கே உறங்கிற்று என்று கேட்பார் இல்லை.

இனி, எங்கள் உள்ளத்தை உறுத்துவதாகச் சொன்னதற்கு வருகின்றோம். பல்லாண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் ஓர் இளைஞர் இருந்தார். நூற்பாலை அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. அவர் மேடையில் நின்றால் எங்களில் எவரும் அவையோர் கண்ணில் படமாட்டோம். அவ்வளவு திறமை! ஒருநாள் ஒத்திகை முடிந்தபின், "ஐயா, சென்னைக்குப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "நிலையான வேலை தம்பி! தங்கைகள் இருக்கிறார்கள். விட்டுவிடாதே" என்றோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தங்கைகளைக் கரையேற்றினார், குடும்பம் நடத்தினார், ஓய்வும் பெற்றுவிட்டார். சென்ற ஆண்டு நாடகத்தில் திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவர் அவரே. எங்கள் எல்லோருடைய வசனமும் அவருக்கு மனப்பாடம்.

போயிருந்தால் வென்றிருப்பார் என எவரும் உறுதி கூற முடியாது. அது எங்கள் வருத்தமும் அன்று. போ என்றும் போகாதே என்றும் இரண்டே விடைகள் உண்டு என நினைத்தோமே, அதுதான் வருத்தம். ஓராண்டு விடுப்புக்கு வழிதேடியிருக்கலாம். சென்னையில் தங்க ஓர் அறை பார்த்துத் தந்திருக்கலாம். அந்த ஓராண்டுக்குத் தங்கைகளின் பொறுப்பில் ஒரு பங்கினை நாங்கள் ஏற்றிருக்கலாம். கைதட்டத் தெரிந்த எங்களுக்குக் கைகொடுக்கத் தோன்றவில்லை.

இன்று மாலை இறைவணக்கம் பாடிய மாணவியின் குரலைக் கேட்டீர்கள். பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கின்ற அவர், இரண்டாண்டுகள் சென்னையில் தங்கி முறையாக இசை பயில விரும்புகின்றார். போன மாதம் எங்களிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டார். அவர் தந்தையார் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கின்றார். விழா முடிந்தபின் விடை கூறுகின்றோம் என்றோம். அவ்விடையைத் தனித்துக் கூற எங்களுக்கு உரிமையில்லை. சங்கமே கூற வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது: ஆண்டு விழா நாடகத்தின் நுழைவுச் சீட்டு வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கி, இளங்கலைஞர் ஒருவருக்கு இரண்டாண்டுகள் பயிற்சிக் கட்டணமும் தங்கும் செலவும் அளிப்போம். இரண்டாவது: பட்டப்படிப்பை முடித்தபின்பே அவர் செல்லட்டும், கால எல்லை முடிந்து வெறுங்கையுடன் திரும்பினாலும், ஏளனம் செய்யாது வரவேற்று வேலை தேடித் தருவோம். போகும் வழியைப் போலவே திரும்பும் வழியும் திறந்திருக்க வேண்டும். மூன்றாவது: நம்மிடையே வழக்கறிஞரும் தணிக்கையாளரும் இருக்கின்றனர். தொலைக்காட்சிக்கோ திரைப்படத்திற்கோ நம் பிள்ளைகள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களை அவர்கள் படித்துப் பார்த்து விளக்கட்டும். குரலும் முகமும் எத்தனை ஆண்டுகளுக்கு யாருக்குச் சொந்தம் என்பதைப் படிக்காமலே கையெழுத்திடும் பிள்ளைகள் உண்டு.

"பலர் போவர், சிலரே வெல்வர், சங்கப் பணம் வீணாகாதா?" என்று ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார். அவர் கேட்டது முறையே. விதைப்பதெல்லாம் முளைப்பதில்லை; அதற்காக உழவன் விதைநெல்லை உலையில் இட்டுவிடுவதும் இல்லை. வெல்லாத பிள்ளையும் கற்ற இசையோடுதான் திரும்புவாள். அவளிடம் பாட்டுக் கற்கும் குழந்தைகள் அடுத்த விழாவில் இதே மேடையில் பாடுவார்கள்.

எங்கள் பழைய நண்பர் இப்போதும் திரைமறைவில்தான் நிற்கின்றார். இவ்வுரையை அவருக்கு முன்னரே படித்துக் காட்டினோம். "என்னைப் பற்றிச் சொல்ல வேண்டா" என்றார். வற்புறுத்தியபின், "அந்தப் பெண்ணுக்கு ஆகுமென்றால் சொல்லுங்கள்" என்றார். புதிய நிதிக்கு முதல் நன்கொடையும் அவரே அளித்திருக்கின்றார். அடுத்த பெயரை எழுதப் பேரேடு வாயிலருகே விரித்து வைக்கப்பட்டிருக்கின்றது.