திமிரு இல்லீங்க, அது வேதனை!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பார்த்து முடிச்சாச்சு. இப்போ நம்ம வீட்டு வயசுப் பையன்களைப் பத்திக் கொஞ்சம் பேசுவோம்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா, 9-ம் வகுப்பு படிக்கும் மகனுக்கு டியூஷன் வைக்க 5,000 ரூபாய் கடன் வாங்கினார். மார்க் ஏறவில்லை. பையன் பரீட்சை அன்னைக்குக் காலையில வயிற்று வலி என்பான். ரேங்க் கார்டைக் கிழித்தான். "சோம்பேறி, திமிரு புடிச்சவன்" என்று பள்ளியிலும் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். ஒருநாள் ராத்திரி, "நான் இருந்து என்னம்மா பிரயோஜனம்?" என்று கேட்டிருக்கிறான். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

மருத்துவமனையில் பார்த்தபோது கற்றல் குறைபாடு என்றார்கள். இது அறிவுக் குறைவு இல்லை. எழுத்தையும் ஓசையையும் சேர்த்துப் படிப்பது சில பிள்ளைகளின் மூளைக்குச் சிரமம். பரம்பரையாகவும் வரலாம். தாய் வளர்த்த விதத்தால் வருவதில்லை.

வாயால் கேட்டால் பதில் சொல்வான், பேப்பரில் எழுத வராது. எழுத்துக்கூட்டித் திணறுவான். போர்டைப் பார்த்து எழுதினாலும் எழுத்து விட்டுப் போகும். இதெல்லாம் தொடர்ந்து இருந்தால் கவனிக்கணும்.

தினமும் வகுப்பில் தலைகுனிந்து நிற்கிற பிள்ளைக்கு மனசு என்ன ஆகும்? இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. பெண் பிள்ளைகளுக்கும் இது உண்டு. ஆனால் "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று சொல்லியே வளர்க்கிறோம். அதனால் பையன்களிடம் அந்த வேதனை கோபமாக, பள்ளிக்கு மட்டம் போடுவதாக, பேசாமல் முடங்குவதாக வெளியே வருகிறது. நாம அடிக்கிறோம். அது இன்னும் கூடுகிறது.

என்ன செய்யலாம்?

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மாவட்ட இடையீட்டு சேவை மையமும் இருக்கு. படிப்பு, மனசு இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்க.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கு. மருத்துவச் சான்றுடன் பள்ளி மூலம் விண்ணப்பித்தால், பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. கடைசி நேரத்தில் ஓடாதீங்க. 9-ம் வகுப்பிலேயே தொடங்குங்க.

"செத்துடலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டு என்று விடாதீங்க. அப்படி நினைக்கிறியாப்பா என்று நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, பாரம்தான் குறையும். தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்க. டெலி மானஸ் 14416 எண்ணுக்கு ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசுவாங்க.

அந்தப் பையன் இப்போ 10-ம் வகுப்பு. இன்னமும் மெதுவாகத்தான் படிக்கிறான். ஆனால் காலையில வயிற்று வலி இல்லை. அம்மாகிட்ட உட்கார்ந்து பேசுகிறான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் தவணை கேட்கும்போது, "உன் பையன் எப்படி இருக்கான்?" என்றும் ஒரு வார்த்தை கேட்போம்.