யார் பார்த்தது? ஒரு நாவலும் அதன் ஊர்ப்பேச்சும்



ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1960இல் வெளிவந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1930களில், மேகோம்ப் என்னும் கற்பனைச் சிற்றூரில் கதை நடக்கிறது. சொல்பவள் ஸ்கவுட் என்ற சிறுமி. இதை வகுப்பில் எப்படி வாசிக்கலாம் என்பதே என் பொருள்.

ஸ்கவுட் வீட்டுக்குச் சில வீடுகள் தள்ளி பூ ராட்லி இருக்கிறார். பல ஆண்டுகளாக வெளியே தலைகாட்டியதில்லை. ஆறரை அடி உயரமாம், அணிலையும் பூனையையும் பச்சையாகத் தின்பாராம், கையெல்லாம் ரத்தக்கறையாம். அவர் வீட்டு மரத்துக் கொட்டைகள் பள்ளி மைதானத்தில் விழுந்தால் பிள்ளைகள் தொடவும் மாட்டார்கள்.

‘பூ ராட்லியின் பாத்திரப் படைப்பை விளக்குக’ என்று கேட்டால் மாணவர்கள் இதையே எழுதித் தருவார்கள். அதற்குப் பதிலாகக் கரும்பலகையில் மூன்று பத்திகள் போடுங்கள்: யார் சொன்னது, யாரிடம் கேட்டது, யார் பார்த்தது. செய்தித்தாளைக் கத்தரித்துக்கொண்டிருந்த பூ, அப்பாவின் காலில் கத்தரிக்கோலைக் குத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி கத்தரித்தார் என்கிறான் ஸ்கவுட்டின் அண்ணன் ஜெம். அவனுக்குச் சொன்னவர் அண்டை வீட்டு ஸ்டெஃபனி கிராஃபோர்டு, ஊர்க்கதைக்குப் பெயர்போனவர். மூன்றாம் பத்தி காலி. அடுத்து, ராட்லி வீட்டு ஓக் மரப் பொந்தில் கிடைத்த சூயிங்கம், சோப்பில் செதுக்கிய பொம்மைகள், வேலியில் கிழிந்து பின்பு தைத்து மடித்து வைத்திருந்த ஜெம்மின் கால்சட்டை ஆகியவற்றை எழுதுங்கள். இவை பிள்ளைகள் கண்ணால் கண்டவை. பூதத்துக்குச் சாட்சி இல்லை, அன்புக்குத்தான் இருக்கிறது என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

இந்தப் பழக்கம் கைவந்தபின் நீதிமன்ற அத்தியாயங்களுக்குப் போகலாம். மயெல்லா யூவெல் என்ற வெள்ளைப் பெண்ணைக் கெடுத்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் மீது வழக்கு. ஸ்கவுட்டின் தந்தை, வழக்கறிஞர் அட்டிகஸ், கேட்பதும் அதே மூன்றாம் பத்திக் கேள்விதான். மருத்துவரை அழைத்தீர்களா? யாரும் அழைக்கவில்லை. அடிபட்டது முகத்தின் எந்தப் பக்கம்? வலப்பக்கம். டாமின் இடக்கையோ சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. மயெல்லாவின் தந்தை இடக்கைக்காரர். உண்மை கண்முன் நிற்கிறது. ஆனாலும் நடுவர் குழு டாமைக் குற்றவாளி என்கிறது.

இங்கே வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டெஃபனி சொன்னதை நம்பியவர்கள் பூவின் வீட்டைத் தாண்டப் பயந்தார்கள், அவ்வளவுதான். யூவெல் குடும்பத்தார் சொன்னதை நம்பியவர்கள் டாமின் உயிர் பறிபோகக் காரணமானார்கள். வேறுபாடு, அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்ற நிறவெறியில் இருக்கிறது. யாருடைய பேச்சு இந்த ஊரில் எடுபடுகிறது, யாருடையது எடுபடவில்லை என்று நான்காவதாக ஒரு பத்தியும் போடுங்கள். அதில் டாமின் பெயரும், ஸ்கவுட் வீட்டில் சமைக்கும் கல்பர்னியாவின் பெயரும் வரட்டும். கதை முழுவதும் ஒரு வெள்ளைச் சிறுமியின் பார்வையில்தான் வருகிறது என்பதும் அப்போது பிடிபடும்.

கேட்டதை அப்படியே நம்பாமல் தீர விசாரிக்கும் மனத்தை ஒரு மாணவருக்குக் கொடுத்துவிட்டால் இலக்கிய வகுப்பு தன் கடமையைச் செய்துவிட்டது. ஆசிரியர்களே, தேர்வுக்கு வராவிட்டாலும் ‘யார் பார்த்தது?’ என்ற கேள்வியைக் கேட்டுப் பழக்குங்கள்.